கிளை பிரியும் இடத்தில் ஓர் ஓட்டை

சேலையின் கரைக்குள் என் ஆள்காட்டி விரல் நுழைந்துபோனது. எடுத்தேன், மறுபடி விட்டேன். மறுபடியும் போனது. கரை இரண்டு அடுக்காக, நடுவில் வெற்றிடத்தோடு, தைக்காமலேயே ஒரு குழாயாகப் பிறந்திருந்தது.

சங்கரன்கோவிலில் எங்களுக்கு விசைத்தறிக் கூடம். அப்பா தொடங்கியது, இப்போது அண்ணன் ஓட்டுகிறான். நான் மருத்துவப் பொறியியல் முடித்துவிட்டு, மேற்படிப்புக்கு ஆய்வுத் தலைப்பு எதுவும் பிடிபடாமல் வீட்டுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன். எந்த இழை எப்போது மேலே எழ வேண்டும் என்று தறிக்குச் சொல்வது டாபி என்ற பெட்டியில் செருகும் சின்னச் சின்ன மரமுளைகள். அன்று அண்ணன் போனில் கிரிக்கெட் பார்த்தபடி முளைகளை மாற்றிச் செருகிவிட்டான். குறுக்கே ஓடும் ஊடை நூல் போகும்போது மேலடுக்கையும், திரும்பும்போது கீழடுக்கையும் நெய்திருக்கிறது.

"ஏட்டி, பாத்தியா? சேலைக்கு பாக்கெட் வச்சிருக்கேன். செல்போன் போட்டுக்கிடலாம்."

"யாவாரி உன்னையத்தான் அதுக்குள்ள போட்டுத் திருப்பி அனுப்புவான்" என்றேன். வாய் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மனசு வேறெங்கோ ஓடிவிட்டது. அப்பாவின் வயிற்றுக்குள்.

அப்பாவுக்குச் சிறுநீரகக் கல் என்று எடுத்த ஸ்கேனில்தான் அது தற்செயலாகத் தெரிந்தது. இதயத்திலிருந்து கீழே இறங்கும் பெரிய ரத்தக்குழாய், வயிற்றுக்குள் ஓரிடத்தில் வீங்கியிருந்தது. பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் மட்டும் புடைக்குமே, அப்படி. வலி கிடையாது. வெடித்தால்தான் தெரியும், அப்போது பெரும்பாலும் நேரம் இருக்காது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: இப்போதைக்குக் கண்காணித்தால் போதும், ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன் எடுங்கள், வளர்ந்திருந்தால் தொடை வழியாக ஒரு துணிக்குழாயை உள்ளே அனுப்பி விரித்துவிடலாம். உலோக வளையங்கள் அதை நிறுத்திப் பிடிக்கும், ரத்தம் அதன் வழியே போகும், வீங்கிய சுவரில் அழுத்தம் விழாது. ஒரே சிக்கல், அப்பாவின் வீக்கம், சிறுநீரகங்களுக்கு ரத்தம் கொண்டுபோகும் கிளைகளுக்கு மிக அருகில் தொடங்குகிறது. வழக்கமான குழாயை வைத்தால் ஒன்று பிடிப்பு இருக்காது, இல்லையென்றால் கிளைகளின் வாயை அடைத்துவிடும். அவர் உடம்புக்கென்றே அளவெடுத்து, கிளைகளுக்கு வழிவிட்டுத் தைக்க வேண்டியிருக்கும்.

ஆறு மாதம் தாண்டிவிட்டது. அப்பா ஸ்கேனுக்கு அசைந்து கொடுக்கவில்லை. 'துணி' என்ற சொல்லை டாக்டர் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

"தையல் போட்ட துணி எங்கன விடும்? தையல்லதான் விடும். நான் பாக்காத துணியா? அதை வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு நான் நிம்மதியா தூங்கணுமாக்கும்!"

"ஸ்கேன் மட்டும் எடுப்போம்பா."

"எடுத்தா அடுத்து அதைத்தான சொல்லுவாவ? நல்லாத்தான இருக்கேன். விடுட்டி."

இதுதான் எங்கள் வீட்டுச் சண்டை. அம்மா அழுது பார்த்தாள், அண்ணன் கத்திப் பார்த்தான். என் விரல் அந்தக் கரைக்குள் நுழைந்த அன்று எனக்கு வேறொரு வழி தெரிந்தது. தையலே இல்லாமல், தறியிலிருந்தே கிளையோடு இறங்கும் குழாய். அப்பா தன் கையால் இழுத்துப் பார்க்கிற மாதிரி.

அன்று மாலையே உட்கார்ந்து தேடினேன். நான் முதல் ஆள் இல்லை என்பது உடனே தெரிந்துவிட்டது. கால்களுக்கு இரண்டாகப் பிரியும் இடம்வரை ஒரே நெசவாகச் செய்யும் முறை ஏற்கெனவே இருக்கிறது. பக்கக் கிளைகளைத்தான் பெரும்பாலும் துளையிட்டுத் தைக்கிறார்கள். கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் மற்றவர்கள் செய்திருக்கிறார்கள் என்றால் நடக்கக்கூடிய காரியம் என்றுதானே அர்த்தம்? கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வழிகாட்டிய மேடத்துக்குப் போன் போட்டேன். "வாளித் தண்ணியில தாங்குற துண்டு ஒண்ணு கொண்டு வா. அப்புறம் நம்ம பம்ப்புல ஏத்திப் பாக்கலாம்" என்றார். அது போதும் எனக்கு.

அண்ணனிடம் கரை போடும் தறி ஒன்றைக் கேட்டேன். அதில் ஊடை நூலைச் சுமந்து இரண்டு நாடா ஓடும். தண்டுக்குழாய் நெய்யும்வரை ஒரு நாடா, பிரிந்த பிறகு இடக்கிளைக்கு ஒன்று, வலக்கிளைக்கு ஒன்று என்பது என் கணக்கு.

"ஆர்டர் கிடக்குட்டி."

"நீ பாக்கெட் வச்ச சேலையை அம்மாட்ட காட்டட்டுமா?"

தறி கிடைத்தது.

பாலியஸ்டர் நூலில் பாவு, அதாவது நெடுக்கு இழைகள், ஏற்றினோம். உண்மையான குழாய்க்கு வேண்டிய மெல்லிய நூல் எங்கள் தறியின் இழுப்பைத் தாங்காது. அதனால் உடம்புக்குள் போவதைவிடப் பல மடங்கு பெரிதாக, கிட்டத்தட்ட முழுக்கைச் சட்டையின் கை அளவுக்கு நெய்தோம். முளைகளை நானே வரைந்து நானே செருகினேன். முதல் துண்டு இறங்கியதும் உருட்டிப் பார்த்தால் அச்சு அசல் கால்சட்டை. அண்ணன் அதைத் தன் இடுப்புக்கு நேரே பிடித்துக் காட்டி ஆட்டம் போட்டான். கீழ் முனைகளைக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிட்டு, குடத்திலிருந்து தண்ணீர் ஊற்றினேன். துணி முழுக்க லேசாகக் கசிந்தது. நெசவு நெருக்கம் போதாததால் வரும் கசிவு அது, எதிர்பார்த்ததுதான். ஆனால் பிரியும் இடத்தில், இரண்டு கிளைகளுக்கும் நடுவில், ஒரு தாரை நேராகத் தரையில் விழுந்தது.

அப்பா பாவு உருளைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். தாரையைச் சுட்டிக்காட்டிவிட்டு எழுந்து போனார். வாயால் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

"ஒரு இழை இடது பக்கம் போவுது, பக்கத்து இழை வலது பக்கம் போவுது. நடுவுல சேத்துப் பிடிக்க ஒண்ணுமில்ல. ஓட்டை விழாம என்ன செய்யும்?" என்றான் அண்ணன். அந்தக் கணிப்பு சரி. அதற்கு நாங்கள் கண்ட மருந்துதான் தப்பு. சேலைக்காரர்களுக்கு ஓரம் என்றால் இரட்டை இழை போட்டுக் கெட்டிப்படுத்தத்தான் தோன்றும். எனக்கும் அந்த ரத்தம்தானே! பிரியும் இடத்தில் இழைகளை இரட்டித்தோம். இறங்கிய துண்டு அங்கே மட்டும் கித்தான் மாதிரி விறைத்து நின்றது. ஓட்டை மூடவில்லை, இரண்டாகப் பிரிந்து பக்கங்களுக்கு நகர்ந்திருந்தது. அதைவிட மோசம், மடங்கவில்லை. இந்தக் குழாய் பென்சில் தடிமனுக்குச் சுருங்கினால்தான் தொடை வழியே ஏற முடியும். கெட்டித்துணி இங்கே எதிரி. படித்த எனக்கு அது தெரியும். தெரிந்தும் பழக்கம் கையைப் பிடித்து இழுத்துவிட்டது.

மறுநாள் கரண்ட் போய்க் கூடம் அடங்கியிருந்த நேரத்தில், மடிக்கணினியில் அப்பாவின் பழைய ஸ்கேனைத் திறந்தேன். உடம்பு இதை எப்படிச் செய்திருக்கிறது என்று பார்க்கலாமே என்றுதான். கிளை கத்தரியால் வெட்டியதுபோலப் பிரியவில்லை. பிரிவதற்கு முன்பே குழாய் அகலமாகிறது, சாய்கிறது, பிறகுதான் விலகுகிறது. நான் ஒரே ஊடையில் பிரித்திருக்கிறேன். அதுதான் தப்பு. நடுவில் இருக்கும் சில இழைகளை உடனே பங்கு போடாமல், ஓர் ஊடைக்கு இடதிலும் அடுத்த ஊடைக்கு வலதிலுமாகக் கொஞ்ச தூரம் பின்னவிட்டு, ஒவ்வொன்றாக விடுவித்தால்?

வேகவேகமாக முளைப்படம் வரைந்துகொண்டிருந்தபோது அப்பா பின்னால் வந்து நின்றார்.

"இதா எனக்குள்ள இருக்கது?"

"ஆமாப்பா. இது பெரிய குழாய். இந்தா, இது வீக்கம். இது ரெண்டும் சிறுநீரகத்துக்குப் போற கிளை."

குனிந்து பார்த்தார். வீக்கத்தை விட்டுவிட்டு, கிளை புறப்படும் இடத்தையே வெகு நேரம் பார்த்தார்.

அந்த முளைப்படத்தின்படி நெய்த துண்டு இரண்டு நாள் கழித்து இறங்கியது. அப்பாவே குடத்தைத் தூக்க வந்தார். அண்ணன் பிடுங்கிக்கொண்டான். தண்ணீர் ஊற்ற ஊற்ற எல்லாப் பக்கமும் வியர்த்தது, ஆனால் தாரை விழவில்லை. அண்ணன் விசில் அடித்தான். அப்பா ஈரத்தோடு கழற்றி, இரண்டு கிளைகளையும் ஆளுக்கொரு பக்கம் இழுக்கச் சொன்னார். நானும் அண்ணனும் இழுத்தோம். பிரியும் இடத்தை வெளிச்சத்துக்கு நேரே வைத்துக் கண்ணை ஒட்டிப் பார்த்தார்.

"இதையா எனக்கு வைக்கப் போறிய?"

இல்லை என்றேன். பொய் சொல்லி அவரைக் கூட்டிப்போக எனக்கு விருப்பமில்லை. "உங்களுக்கு வைக்கணும்னா அது வேற இடத்துல, பல சோதனை முடிச்சு வார குழாய்ப்பா. அதுல தையலும் இருக்கலாம். அதையும் இது மாதிரி, இதைவிட நூறு மடங்கு இழுத்துப் பாத்துத்தான் விடுவாவ. இது நான் படிக்கதுக்கு. இது மனுச உடம்புக்குப் போகவே எத்தனையோ வருசம் ஆகும். போகாமலும் போகலாம்."

அப்பா துணியை நீவிக்கொண்டே கேட்டார்.

"அன்னைக்கு நீ காட்டுனது எப்ப எடுத்த படம்?"

"போன வருசம் எடுத்தது."

"இப்ப எவ்வளவு இருக்குன்னு தெரியாதுல்லா?"

"தெரியாது."

"அளவு தெரியாம எவனாது பாவு ஓட்டுவானா?" என்று என்னையே திட்டுவதுபோலச் சொல்லிவிட்டு, அண்ணன் பக்கம் திரும்பினார். "திங்கக்கிழமை திருநெல்வேலிக்குப் போவணும். காலையில முத பஸ்ஸு."

"கார் சொல்லுதேன்பா."

"எனக்கு வயித்துலதான்லே கோளாறு. காலு நல்லாத்தான் இருக்கு."

அம்மா கூடத்து வாசலில் நின்று இதையெல்லாம் கேட்டிருக்கிறாள். உள்ளே போய், அப்பாவின் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை ஸ்கேன். என்ன சொல்வார்களோ தெரியாது. வளரவில்லை என்று சொன்னால் நல்லது, வளர்ந்திருந்தால் அடுத்தது என்ன என்று டாக்டரிடம் கேட்பதற்கு அப்பாவே கேள்விகள் வைத்திருக்கிறார். படத்தின் பிரதியை நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். தண்டிலிருந்து சிறுநீரகக் கிளை எந்தக் கோணத்தில் புறப்படுகிறது என்ற சரியான அளவு எனக்கு வேண்டும். இதுவரை நெய்தது சமமாகப் பிரியும் இரண்டு கிளைகள். அது எளிது. அடுத்து, தண்டு தடையில்லாமல் கீழே போய்க்கொண்டே இருக்க, பக்கத்தில் சின்னதாக ஒரு கிளை மட்டும் தனியே விலக வேண்டும். அதற்கு இன்னொரு நாடா வேண்டும், இழைகளைத் தூக்கும் விழுதுச் சட்டம் இன்னும் நான்கு வேண்டும். அண்ணன் சட்டங்களுக்குச் சொல்லிவிட்டான். செவ்வாய்க்கிழமை பாவு ஏற்றுகிறோம். இந்த முறை முளைகளைச் செருகும்போது அவன் போன் என் கையில் இருக்கும்.