தாச்சியில் கருகிய தேத்தண்ணி

ஏழாம் வகுப்பில் எனக்குத் தெரியாத விஞ்ஞானம் என்று எதுவும் இருக்கவில்லை. பனிக்கட்டி உருகினால் பௌதிக மாற்றம், விறகு எரிந்தால் இரசாயன மாற்றம். உருகியதைத் திரும்ப உறைய வைக்கலாம். சாம்பலை விறகாக்க ஒருவராலும் முடியாது. கொக்குவிலில் எங்கள் வீட்டில் மற்றவர்களுக்கு இந்த அடிப்படை விஷயமே தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் கவலையும் நிறையப் பெருமையும் இருந்தன.

அப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. கால்விரலில் வந்த புண் ஆறவில்லை. இனியும் ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேள்விப்பட்டு உடுப்பிட்டியிலிருந்து அப்பாவின் அக்கா, என் மாமி, பெட்டியோடு வந்து இறங்கினார். சோற்றை அளந்தார், வாழைப்பழத்தை ஒளித்தார். அப்படியும் சீனி இறங்கவில்லை. எங்கிருந்துதான் ஏறுகிறது என்று மாமி மண்டையை உடைத்துக்கொண்டார்.

அப்பா குடித்து வைத்த கோப்பையில் எறும்பு மொய்ப்பதை நான்தான் கண்டேன். ஒரு மிடறு குடித்துப் பார்த்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் பரிசோதனைப் பொருளை வாயில் வைக்கக்கூடாது என்று ரீச்சர் சொல்லியிருந்தார்.

அடுத்த நாள் பின்னேரம், அப்பாவுக்கென்று அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணியைத் தூக்கிக்கொண்டுபோய்த் தாச்சியில் ஊற்றிக் குசினி அடுப்பை மூட்டினேன்.

"மாமி, வந்து பாருங்கோ! கரைஞ்ச சீனி துலையாது. தண்ணி வத்தினால் வெள்ளையாய்த் திரும்பி வரும்."

வெள்ளையாக வரவில்லை. நுரைத்துக் கறுத்தது, வீடெல்லாம் சீனி கருகும் மணம். அதற்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. சூடு கூடியதால் இரசாயன மாற்றமாகிவிட்டது என்றேன்.

மாமி அதைக் கேட்கவில்லை. அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். "என்ரை தம்பிக்கு நீ நஞ்சோ குடுக்கிறாய்?"

அம்மா வாய் திறக்குமுன் அப்பா நொண்டி நொண்டிக் குசினி வாசலுக்கு வந்துவிட்டார். "அவளை ஏசாதேங்கோ அக்கா. நான்தான் களவாய்ப் போட்டனான்."

நான் அதை அப்படியே நம்பினேன். கள்ளனைப் பிடித்த பெருமிதம் வேறு. சீனிப் போத்தல் எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூட அறியாதவர் அப்பா. வெறும் தேத்தண்ணிக்கு அவர் முகம் சுளிப்பதைப் பொறுக்கமாட்டாமல் அம்மாவேதான் அரைக்கரண்டி போட்டு வந்தார். அதெல்லாம் அப்போது எனக்கு எட்டவில்லை.

அன்று பொழுதுபடுகிற நேரம் அம்மா கிணற்றடியில் தாச்சியைத் தேய்த்துத் தேய்த்து அழுதார். கரி போகவில்லை என்றுதான் அழுகிறார் என நினைத்து, பக்கத்தில் குந்தியிருந்து ஆறுதல் சொன்னேன்.

"விடுங்கோ அம்மா. உது இரசாயன மாற்றம். பழையபடி வராது."