சுழிக்கு விழுந்த கும்பிடு

எங்கள் மில்லில் புது ஆப் வந்தபோது, மெயின்டனன்ஸ் ஆட்களில் முதலில் அதைப் பிடித்துக்கொண்டவன் நான்தான். படிப்பு ஒன்பதாவதோடு நின்றுவிட்டது. ஆனால் எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் அதன் போக்கைப் பார்த்துப் பழகிவிடுவேன். கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவனுக்கு ஒரு போன் எந்த மூலை?

ஆபீஸ் மேடம் கேன்டீனில் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பழைய குரூப்பில் குட்மார்னிங் பூவுக்கும் பிறந்தநாள் கேக்குக்கும் நடுவே வேலைச் செய்தி காணாமல் போய்விடும். இதில் மெயின்டனன்ஸுக்கு ஓர் அறை, ரோலிங்குக்கு ஓர் அறை என்று தனித்தனியாக இருந்தது. ஒரு விஷயத்தைப் பற்றிய பேச்சை அதற்குக் கீழேயே எழுத வேண்டும், சிதறவிடக் கூடாது என்று மேடம் அழுத்திச் சொன்னார். நான் மனதில் வாங்கிக்கொண்டேன். அன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன்.

அதுவரை எங்கள் ஷிஃப்ட் மாறுவது வேறு மாதிரி. மதியம் இரண்டு மணிக்கு என் வேலை முடியும். எனக்கு அடுத்து வருபவர் என்னோடு சேர்ந்த காலத்து ஆள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். என்னை நைனா என்பார், நானும் அவரை நைனா என்பேன். அவர் வரும்வரை நிற்பேன். எந்த மெஷினில் என்ன கோளாறு என்று பக்கத்தில் கூட்டிப்போய்க் காட்டுவேன். ஓட்டக் கூடாத மெஷினின் ஸ்டார்ட் சுவிட்சில் சிவப்புத் துணி கட்டியிருப்பேன். இதற்குள் ரயில் போய்விடும். அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பேன்.

அன்று செவ்வாய்க்கிழமை. சிறுவாபுரி முருகனை ஆறு செவ்வாய் தரிசிப்பதாக வேண்டிக்கொண்டு, நான்காவது வாரம். சீக்கிரம் கிளம்பினால் கூட்டத்துக்கு முன்னால் சாமி பார்க்கலாம். ஆப்தான் வந்துவிட்டதே, இனி எதற்கு நிற்க வேண்டும் என்று தோன்றியது.

சொல்ல வேண்டியது பெரிய விஷயம். வெட்டிய கம்பியைக் கொண்டுபோகும் கன்வேயர் எங்களிடம் இரண்டு. அவற்றின் பக்கவாட்டில் நீளமாக ஒரு கயிறு ஓடும். ஆபத்து என்றால் அதை இழுத்தால் போதும், மெஷின் நின்றுவிடும். கிழக்கு கன்வேயரில் அந்தக் கயிற்றின் சுவிட்ச் கெட்டிருந்தது. கழற்றி வைத்துவிட்டேன், இனி கயிற்றை இழுத்தாலும் மெஷின் நிற்காது. புதுசு மறுநாள்தான் வரும். அதுவரை கிழக்கை ஓட்டக் கூடாது.

லாக்கர் ரூமில் உட்கார்ந்து போனை எடுத்தேன். எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி போட்டுத்தான் எழுதுவேன். ‘உ’ போட்டு, அடுத்த வரிக்குப் போகலாம் என்று ஒரு பட்டனைத் தட்டினேன். சுழி மட்டும் தனியாகப் போய்விட்டது. பரவாயில்லை, மேடம் சொன்னபடி அதற்குக் கீழேயே பதிலாக மீதி எல்லாவற்றையும் ஐந்து துண்டாக எழுதினேன். ஒரு பிழை இல்லை. நான் கைகால் கழுவி வருவதற்குள் பதினோரு பேர் கைகூப்பும் பொம்மையைத் தட்டிக் கும்பிடு போட்டிருந்தார்கள். அதில் நைனாவின் கும்பிடும் இருந்தது. சிவப்புத் துணி கட்டவில்லை. எழுதியாகிவிட்டதே என்ற தைரியம்.

ரயிலில் எங்கள் மில் கிரேன் ஆபரேட்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாண்ணே, இன்னிக்கி முன்னாடியே கெளம்பிட்ட?”

“ஆப்புல எழுதி உட்டுட்டேன். பாரு, பதினோரு பேரு கும்பிட்டுக்கீறாங்க.”

“நான்கூட போட்டேண்ணே. அண்ணன் சுழி போட்டு ஆரம்பிச்சிக்கீறாரு, நல்லா நடக்கட்டும்னு.”

“சுழிக்கா போட்ட? விஷயத்துக்கு இல்ல?”

“இன்னா விஷயம்?”

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஒற்றை ‘உ’. அதன் கீழே, எறும்பு மாதிரி எழுத்தில், ஐந்து பதில்கள் என்றிருந்தது. அதைத் தொட்டால்தான் நான் எழுதியது திறக்கும். அவர் தொடவே இல்லை. யாருமே தொட்டிருக்க மாட்டார்கள் என்று அப்போது புரிந்தது.

மில்லுக்குள் போன் கூடாது. லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போவோம். நைனாவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பொன்னேரியில் இறங்கி, பிளாட்பாரத்தில் நின்றே கேட் செக்யூரிட்டிக்கு அடித்தேன்.

“கெழக்கு கன்வேயரை ஓட்ட வேணாம்னு ரெண்டு மணி ஷிஃப்ட் ஃபிட்டர்கிட்ட ஓடிப்போய் சொல்லு. அப்படியே போனை அவரு கையில குடு.”

“கேட்டை உட்டுட்டு போனா எனக்கு சீட்டு கிழிச்சிடுவாங்கண்ணே.”

“கிழிச்சா நான் வந்து பேசறேன். அங்க ஒரு ஆளு கை போயிடும். ஓடு!”

ஓடினார். அவர் மூச்சு வாங்குவதும், பிறகு மில் இரைச்சலும், நடுவே விசில் சத்தமும் போனில் கேட்டன. நான் முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே நின்றேன். தரிசனம் கேட்கவில்லை, அந்தக் கையைத்தான் கேட்டேன்.

“இன்னா நைனா, கோயிலுக்குப் போற வழியில எனக்கு போனு?” என்றது நைனாவின் குரல்.

“கெழக்கு ஓடுதா?”

“ஓடுது. துண்டு கம்பி ஒண்ணு மாட்டிக்கினு கீது. எடுக்கலாம்னு போனேன், இவன் வந்து விசிலு ஊதறான்.”

“பேனல்ல போய் நிறுத்து. கயித்தை நம்பாத, அது வேலை செய்யாது.”

கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு அதுவும் குறைந்தது.

“நிறுத்திட்டேன்,” என்றார். “கயித்தை இழுத்துட்டு அதே கையை உள்ள உட்டுருப்பேன் நைனா. நின்னுச்சான்னுகூட பாத்திருக்க மாட்டேன். பழக்கம்.”

எதிர்ப்பக்கம் வந்த ரயிலில் ஏறித் திரும்பினேன். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். சிவப்புத் துணியை என் கையால் ஸ்டார்ட் சுவிட்சில் கட்டியபோது நைனா இடுப்பில் கை வைத்து நின்றார்.

“ஏன் நைனா, நான் சர்ச்சுக்குப் போறவன். ‘உ’ன்னா உன் சாமி சமாச்சாரம், மரியாதைக்கு ஒரு கும்பிடு போட்டேன். அதுக்கு அடியில கன்வேயரை மடிச்சி வெச்சிக்கீறது எனக்கு இன்னா தெரியும்?”

“நீ மட்டும் ‘ஸ்தோத்திரம்’னு தனியா அனுப்பியிருந்தா நானும் அப்படித்தான் செஞ்சிருப்பேன்.”

“அப்ப ரெண்டு பேருக்கும் ரெண்டு சாமியும் சேர்ந்து தலையில குட்டணும்,” என்றார். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் நானே மேடத்திடம் போய் நடந்ததைச் சொன்னேன். செக்யூரிட்டி கேட்டை விட்டு ஓடியதற்கு நான்தான் காரணம் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இனி சுழி இல்லாமல் எழுதுங்களேன் என்றார்.

“சுழியை எடுக்க மாட்டேன் மேடம். அதே வரியிலயே விஷயத்தையும் எழுதிடறேன். தப்பு ஆப்பு மேலயும் இல்ல, சுழி மேலயும் இல்ல. கும்பிட்டதை எல்லாம் படிச்சதா எடுத்துக்கினு கெளம்பினேன் பாருங்க, அது என் தப்பு.”

எங்கள் அறைக்கு ஒரு சட்டம் போடச் சொன்னேன். வேலைச் செய்திக்குக் கும்பிடு கூடாது, கட்டைவிரல் பொம்மையும் கூடாது. அடுத்த ஷிஃப்டை எடுத்துக்கொள்பவர் என்ன புரிந்தது என்பதைச் சொந்த வார்த்தையில் எழுத வேண்டும். அது வந்த பிறகுதான் முந்தின ஆள் கிளம்ப வேண்டும். துணி எப்போதும் போலத் தனி.

“இன்னாண்ணே, பரீட்சையா வெக்கிற?” என்று இரண்டு பேர் முனகினார்கள். ஆமாம் என்றேன்.

அன்று மதியத்துக்குள் புது சுவிட்ச் வந்தது. மாட்டி, கயிற்றை நாலு தடவை இழுத்துப் பார்த்து, துணியை அவிழ்த்து, ஆப்பில் எழுதிவிட்டு லாக்கர் ரூமில் காத்திருந்தேன். இரண்டு மணி தாண்டிச் சில நிமிஷத்தில் நைனாவின் பதில் வந்தது. வாயால் பேசுவதை அப்படியே எழுதியிருந்தார்.

“கெழக்கு கயித்த நானே இழுத்தேன். நின்னுச்சு. கண்ணால பாத்தேன். அப்புறம்தான் போன எடுக்க லாக்கருக்கு வந்தேன். உன் பின்னாடிதான் நிக்கறேன், திரும்பு.”