மூங்கில் கழியில் காய்ந்த பாவாடை

"அத்தை, கையைத் தூக்காதீங்க, ஃபேன் ஓடுது!" என்று மருமகள் கத்தினாள். தஞ்சாவூர் ஃபிளாட்டில், அடைமழையில் காயாமல் கிடந்த என் புடவையை உதறப் போனேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் கீழ்வேளூரில் நான் பிறந்த வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்துவிட்டது.

எவ்வளவு உயரம் அந்த ஓட்டுக்கூரை! உத்தரத்திலிருந்து கயிற்றில் ஒரு மூங்கில் கழி தொங்கும். எனக்கு இருந்ததோ பள்ளிக்கூடத்துக்கு ஒரே பாவாடை. ஐப்பசி மழையில் நனைந்து வந்தால், அம்மா அதை அலசி, நீளக் குச்சியால் தூக்கி அந்தக் கழியில் விரித்துவிடுவாள். கீழே உமி அடுப்பு கனன்றுகொண்டே இருக்கும்; தீ எட்டாத, ஆனால் சூடு எட்டுகிற உயரம் அது. காயுமா காயாதா என்று நான் படுத்தபடி அண்ணாந்தே கிடப்பேன்.

"பாத்துப் பாத்தே பொசுக்கிடாதடி, தூங்கு" என்பாள் அம்மா.

விடிந்ததும் பாவாடை மொடமொடவென்று, உமிப்புகை வாசனையோடு இறங்கி வரும். ஈரத்துணியோடு வகுப்பில் உட்காரக் கூச்சப்பட்டே படிப்பை விட்ட பெண்பிள்ளைகள் எங்கள் தெருவில் உண்டு. அவர்களைவிடக் கூச்சக்காரி நான். ஆனாலும் ஐந்தாவது முடித்தேன். அந்தக் கூரை மட்டும் தாழ்வாக இருந்திருந்தால், அடுப்புக்கு மேலே பாவாடையைக் காயப்போட்டிருக்க முடியாது; இதை எழுத எனக்கு எழுத்தே தெரிந்திருக்காது.