எட்டு ஆண்டுகளுக்குப் பின்

நேற்று ஹாஸ்டல் டிவியில் 'சில ஆண்டுகளுக்குப் பின்' என்று போட்டு, போன வாரம் தவழ்ந்த குழந்தையை மீசையோடு கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நடுவில் பட்ட பாட்டையெல்லாம் யார் காட்டுவது?

திருத்தணியில் நான் எட்டாவது முடித்த கோடையிலும் இதே கூத்துதான். தறி முதலாளி வீட்டு ஜன்னலுக்கு வெளியே, உடம்பெல்லாம் பாவு நூலுக்குப் போட்ட கஞ்சி வாடையோடு நின்று தொடர் பார்ப்போம். அதில் ஒரு பெண் மேலே படிக்க வேண்டுமென்று வாரக்கணக்கில் அழுதாள். அன்று திடீரென்று திரையில் எழுத்து வந்தது. அடுத்த காட்சியில் அவள் இடுப்பில் குழந்தை.

"பாத்தியா, கட்டிக் குட்த்துட்டாங்க. நீயும் நாளைலேர்ந்து தறிக்கு வந்துடு," என்றார் நைனா.

"இருய்யா. இன்னாடி எய்தியிருந்திச்சி?" என்றாள் அம்மா.

எங்கள் மூவரில் எழுத்து தெரிந்தவள் நான்தான். "எட்டு வருசம் படிச்ச பின்னாடின்னு போட்டிருந்திச்சி," என்றேன்.

நைனா தலையைச் சொறிந்தார். "அப்ப நீயும் எட்டு வருசம் பட்சிக்கோ."

இந்த ஆண்டோடு பி.எட். முடிகிறது. 'எட்டு வருஷம் ஆயிற்று, மாப்பிள்ளை பார்த்தாகிவிட்டது, புறப்பட்டு வா' என்று நைனா ஆள் வைத்து எழுதிய கடிதம் வந்திருக்கிறது. பொய் சொன்னதுதான் சொன்னேன், இருபது என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.