இடி மாப்பிள்ளை முகம் காட்டிய கச்சேரி

என் அம்மாவின் கூடப்பிறந்தவர்களில் கடைக்குட்டி எங்கள் சித்தி. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். அதிகாரம் மட்டும் எங்கள் தாத்தாவை மிஞ்சும். சித்தியின் ஒரே மகளை, அதாவது என் தங்கையைக் கட்டியவரை நாங்கள் 'இடி மாப்பிள்ளை' என்போம். பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பார். சாயங்காலமானால் ஒரு ராக் குழுவில் டிரம்ஸ் அடிப்பார். டிரம்ஸ் கிடைக்காத நேரத்தில் சாப்பாட்டு மேசை, கதவு, ஒரு தடவை தூங்கிக்கொண்டிருந்த என் முதுகு.

அவருக்கு ஒரு மனக்குறை. குழுவின் படங்களில் பாடகர் தெரிவார், கிடார்காரர் தெரிவார். பின்னால் உட்கார்ந்திருக்கும் இவர் முகத்தை மட்டும் டிரம்ஸுக்கு மேலே நிற்கும் பெரிய பித்தளைத் தட்டு மறைத்துவிடும். தங்கை படத்தை நீட்டி, இந்தக் கை இவருடையதுதான் என்று சத்தியம் பண்ணுவாள். சித்தி மசிய மாட்டார்.

"கையை வச்சு மாப்பிள்ளைனு எப்படிடி நம்புறது? சாயங்காலமானா மனுஷன் எங்க போறாரோ."

பாடகருக்குத் தொண்டை போய்விட்டது. குழுவைக் கலைப்பதென்று முடிவாகி, கடைசிக் கச்சேரியை ஆவணப்படமாக எடுக்க ஒரு பெண் ஆட்களோடும் கேமராக்களோடும் வந்தாள். இதிலாவது முகம் வந்தாக வேண்டும், அம்மா வாயை அடைக்க இனி வேறு வழியில்லை என்று தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை தலைக்குச் சாயம் அடித்துக்கொண்டு போனார். நானும் போனேன், காதில் பஞ்சோடு.

பாட்டு மேல் பாட்டு ஓடியது. ஒரு கேமராவும் பின்பக்கம் போகவில்லை. கடைசிப் பாட்டுக்கு முன்னால் தங்கை முன்வரிசையிலிருந்து தன் முகத்தைச் சுற்றி விரலால் வட்டம் போட்டுக் காட்டினாள். மாப்பிள்ளை குனிந்து, கம்பியின் திருகாணியைத் தளர்த்தி, தட்டை இடுப்பளவுக்கு இறக்கிவிட்டார்.

அந்தக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. பாட்டின் கடைசி வரியில் இவர் அந்தத் தட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தால்தான் மற்றவர்கள் நிறுத்துவார்கள். வரி வந்தது. கை பழைய உயரத்துக்கே போய்க் காற்றை அடித்தது. சத்தம் வராததால் அவர்கள் அந்த வரியை மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் காற்று. பாடகர் திரும்பி முறைத்தார், கிடார்காரர் திரும்பினார், கேமராக்களும் திரும்பின. மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். தொண்டை போன மனிதர் அந்த வரியை இன்னும் எத்தனை முறை பாடினாரோ, ஒருவழியாக மாப்பிள்ளை இடது கையால் தட்டைத் தடவிக் கண்டுபிடித்து அடித்தார்.

கூட்டம் அழுதது. பிரிய மனமில்லாமல்தான் பாட்டை முடிக்காமல் இழுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டது. படமெடுத்த பெண்ணும் அப்படியே நினைத்து, படத்திலும் அப்படியே சொல்லிவிட்டாள்.

தங்கை வீட்டு டிவியில் எல்லோரும் படம் பார்த்தோம். திரை முழுக்க மாப்பிள்ளை முகம். உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று அவருக்கு நாக்கு துறுதுறுத்தது.

"அத்தை, அது வந்து..."

"பேசாம இருங்க," என்றாள் தங்கை.

சித்தி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாவம், மனசு கேக்காம எப்படித் தவிக்கிறாரு பாரு," என்றவர், திரையைக் கிட்டப் போய் உற்றுப் பார்த்தார்.

"முகம் நல்லாத்தானே இருக்கு மாப்பிள்ளை. இத்தனை நாளா எதுக்கு மறைச்சு வச்சீங்க?"