இணையப் பெயருக்கு உறுதி பார்க்கிறவன்

"வீட்டில இருக்கிறவனைக் கேளாதை, உறுதியைக் கேள்" என்று என் பெரியப்பா சொல்லுவார். கொழும்பில், புதுக்கடையில், காணி உறுதிப் பத்திரம் எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கிளாக்கராக இருந்தவர். அந்தச் சொல்லுக்கு இன்னொரு பாதி உண்டு. உறுதியை எழுதினவனைப் பற்றி ஏதோ வரும். எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை.

அவர் காணிக்கு உறுதி பார்த்தார். நான் இணையத்தளப் பெயர்களுக்குப் பார்க்கிறேன். கறுப்புத் திரையில் 'ஹூஇஸ்' என்ற கட்டளையை அடித்து, பக்கத்தில் தளத்தின் பெயரை அடித்தால் போதும். அது யார் பேரில் பதிந்திருக்கிறது, எப்போது பதிந்தது, எப்போது முடிகிறது என்று வரிவரியாக விழும். டொரொண்டோவில் பதினாறு வருடம் இதைச் செய்துவிட்டு, பன்னிரண்டு வருடத்துக்கு முன் வெள்ளவத்தைக்குத் திரும்பி, கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மேல்மாடி அறையில் தொழிலைத் தொடங்கினேன். ரயில் போகும்போதெல்லாம் மேசை ஆடும். தமிழிலும் ஆங்கிலத்திலும் படித்தவன் என்பதால், விழுகிற வரிகளை வாசித்து விளங்கப்படுத்துவதும் என் தலையில்தான். இதே தொழிலில் மாட்டுப்பட்டு நிற்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. திரை ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடும். அதற்குப் பிறகு ஒரு மணித்தியாலம் நாங்கள் திட்டு வாங்க வேண்டும்.

வீட்டு நம்பர்

பக்கத்துத் தொடர்மாடிக் குடியிருப்பாளர் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். சங்கத்துக்கு இணையத்தளம் செய்து கொடுத்தவன் நான். அதில் யாரோ பெயர் போடாமல், "தலைவருக்குக் கூட்டம் வைக்கத்தான் தெரியும், தண்ணீர்த் தாங்கி கழுவத் தெரியாது" என்று எழுதிவிட்டார். எழுதினவரின் ஐ.பி. இலக்கத்தோடு தலைவர் என் அறைக்கு ஏறி வந்தார். மூச்சு வாங்குவதற்குள்ளேயே "ஆளைப் பிடி" என்றார்.

தேடிப் பார்த்தேன். இலக்கம் ஒரு தொலைபேசிக் கொம்பனிக்குச் சொந்தம். பதிவில் இருந்த விலாசம் அந்தக் கொம்பனியின் தலைமை அலுவலகம். "இது இலக்கத்தின் சொந்தக்காரர், எழுதின ஆள் இல்லை, சேர்" என்று மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் தலையாட்டினார். மறுநாள் காலை ஓட்டோ பிடித்து அந்த அலுவலகத்துக்கே போய், வரவேற்பில் இருந்த பிள்ளையிடம், தாங்கியைப் பற்றி எழுதியவரைக் கீழே கூப்பிடச் சொல்லியிருக்கிறார். காவலாளி சிங்களத்தில் மிக மரியாதையாக அவரை வாசல் கேற்றடிக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறான். அவமானம் அவருக்கு, ஏச்சு எனக்கு. இவ்வளவுக்கும் அந்தத் தாங்கி இன்றுவரை கழுவப்படவில்லை.

"அட்ரஸ் எண்டு நீர்தானே எடுத்துத் தந்தனீர்? வீட்டு நம்பர் இல்லாத அட்ரஸ் என்னத்துக்கு, தேங்காய் துருவவோ?"

பூட்டும் திறப்பும்

கொட்டாஞ்சேனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஹாஜியாருக்கும் தளம் செய்தது நான்தான். அவருடைய மருமகன் எங்கேயோ இந்தக் கட்டளையைக் கற்றுக்கொண்டு, கடையின் பெயரை அடித்துப் பார்த்திருக்கிறார். பதிவில், மாற்றம் தடை செய்யப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அவ்வளவுதான். கடைக்கு யாரோ தடை உத்தரவு எடுத்துவிட்டார்கள் என்று, ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு ஹாஜியார் வெள்ளவத்தைக்கு வந்துவிட்டார்.

அது தடை இல்லை, பூட்டு. உங்கள் பெயரை வேறு யாரும் களவாக இழுத்துக்கொண்டு போகாமல் நாங்களே போடுவது என்று விளங்கப்படுத்தினேன். தேத்தண்ணி வரும்வரைக்கும் யோசித்தார். "அப்ப தொறப்பு?" என்றார். திறப்பு என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஒரு நன்றி வரும் என்று பார்த்தேன். கோப்பையை வைத்துவிட்டு எழும்பினார். அந்த நன்றிகெட்டதனம் எனக்கு இரண்டு நாள் ஆறவில்லை.

"பூட்டு என்ட கடைக்கு, தொறப்பு உங்கட கைல. நல்லா ஈக்கி!"

மெட்டில்டா அக்காவின் பெயர்

கொட்டாஞ்சேனையில் மெட்டில்டா அக்கா கல்யாண உடுப்புத் தைக்கிறவர். வெளிநாட்டுப் பிள்ளைகள் அளவுகளை அனுப்ப, இங்கே தைத்துப் பெட்டியில் போகும். எல்லாம் அவருடைய பெயரிலேயே உள்ள தளத்தாலும், அதோடு சேர்ந்த மின்னஞ்சலாலும்தான். தளத்தை நான் செய்யவில்லை. ஒரு நாள் இரண்டும் சேர்ந்து செத்துவிட்டன. மெல்பனில் ஒரு மணப்பெண் அனுப்பிய அளவுகள் திரும்பிப் போக, பிள்ளையின் தாய் பங்குச் சுவாமிக்கு அழைப்பு எடுத்து, மெட்டில்டா உயிரோடு இருக்கிறாவா என்று கேட்டிருக்கிறா. கல்யாணத்துக்கு ஐந்து கிழமை.

அக்காவை அருகில் இருத்திவைத்துக் கட்டளையை அடித்தேன். பதிவு காலாவதி. மீட்பதற்கு இன்னும் ஐந்து நாள். தவறினால் பெயர் சந்தைக்குப் போகும், உலகத்தில் யாரும் எடுத்துக்கொள்ளலாம். பதிந்து கொடுத்த கொம்பனிக்கு எழுதினேன். பதிவில் உள்ளவர் கேட்டால் மட்டும் செய்வோம் என்று பதில். பதிவில் அக்கா இல்லை. தளத்தைச் செய்த ரொஷானின் நிறுவனம்தான் இருந்தது. எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ரொஷான் என்னோடு மூன்று வருடம் வேலை செய்துவிட்டுத் தனியாகப் போனவர், இப்போது தோஹாவில். அடுத்தவளின் பெயரைத் தன் பேரில் எழுதி வைத்துக்கொண்டு போக இவருக்கு என்ன துணிச்சல்! நான் பல்லைக் கடிப்பதை அக்கா பார்த்துக்கொண்டிருந்தா.

"ஒன்பது வருஷமா போர்டில என்ட பேர்தானே, தம்பி. அது என்ட இல்லையெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லயே."

தோஹாவில் இருந்து

ரொஷானுக்கு வாட்ஸ்அப்பில் குரல் பதிவு போட்டேன். அக்கா பக்கத்தில் இருக்கிறா என்பதையும் மறந்து ஏசினேன். களவு என்றேன். காணி பிடிக்கிறவனுக்கும் உமக்கும் என்ன வித்தியாசம் என்றேன். என்னிடம் தொழில் பழகின ஆள் இப்படிச் செய்யலாமா என்றும் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் பெயரை மீட்டுவிட்டார். அக்காவின் பேருக்கு மாற்றுவதற்கான குறியீட்டையும் அனுப்பினார். நினைவூட்டல் போன மின்னஞ்சலை, நாட்டை விட்டுப் போனதோடு பார்ப்பதில்லையாம். கடைசியாக அவருடைய குரலும் வந்தது. நிறுத்த நினைப்பதற்குள் அறை முழுக்கக் கேட்டுவிட்டது.

"அண்ணை, ஏசுங்கோ, பிழை என்னிலதான். ஆனா 'எங்கட பேரில போடு, சனத்துக்கு இதெல்லாம் விளங்காது' எண்டு எனக்குச் சொல்லித் தந்தது நீங்கள்தானே?"

முப்பத்தெட்டு

ரயில் ஒன்று போனது. மேசை ஆடி முடிந்தது. பெரியப்பாவின் மற்றப் பாதி இப்போதும் நாக்குக்கு வரவில்லை. ஆனால் அது யாரைப் பற்றியது என்பதில் சந்தேகம் இல்லை.

"மற்ற ஆக்களின்டயும் பாருங்கோவன்" என்றா அக்கா. அடித்தேன். ஹாஜியாரின் கடை: என் நிறுவனம். தொடர்மாடிச் சங்கம்: என் நிறுவனம். நான் தளம் செய்து கொடுத்த முப்பத்தெட்டுப் பேரின் தளங்களையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன். முப்பத்தெட்டும் என் பேரில். களவெடுக்க நினைத்ததே இல்லை என்று அக்காவுக்குச் சொன்னேன். சொல்லும்போதே அது ரொஷானின் குரல் போலக் கேட்டது. அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு, படியில் ஒரு கால் வைத்தபடி திரும்பினா. அளவுகள் மறுநாள் பின்னேரம் திரும்ப வந்து விழுந்தன. அந்த மணப்பெண்ணின் உடுப்பு நாளோடு போய்ச் சேர்ந்தது. அக்கா அன்றைக்குப் படியில் நின்று கேட்டது இதுதான்.

"ரொஷானாவது தோஹாவில இருந்தார். உங்களுக்கு ஒண்டு ஆகிட்டா, தம்பி, நாங்க ஆருக்கு மெசேஜ் போடுறது?"

அந்தக் கிழமையே முப்பத்தெட்டுப் பெயர்களையும் சொந்தக்காரர்களின் பேருக்கு மாற்றத் தொடங்கினேன். முதலில் மாற்றியது தொடர்மாடிச் சங்கத்தினுடையது; பதிவில் தலைவரின் விலாசத்தை வீட்டு நம்பரோடு போட்டேன்.