ஒன்பது டம்ளரும் ஒரு கேள்வியும்

இந்த முதலாண்டு நினைவு மலரில் என் தங்கையை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். ஐம்பத்து மூன்று வயது வரை வாழ்ந்தவரை ஊரே ‘பாப்பா’ என்று கூப்பிட்டது. இங்காவது அது வேண்டாம்.

தங்கை பாரிவாக்கத்தில், எங்கள் பெற்றோரின் நான்காவது பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம் என்று எங்களுக்குத் தெரியவே பதினொரு ஆண்டுகள் ஆயின. பள்ளிக்கூடம் மூன்றாம் நாளே திருப்பி அனுப்பியது. பெற்றோர் காலமான பிறகு என்னோடும் என் மனைவியோடும் இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தார். காலையில் பால் வாங்கி வருவார். டம்ளர்களைத் துடைத்து, அளவு பார்த்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவார். வேறு யார் அடுக்கினாலும் கலைத்துவிட்டு மறுபடி அடுக்குவார். ‘பாப்பா’ என்று கூப்பிட்ட நர்ஸிடம், “நீதான் பாப்பா. எனக்கு நரச்சிடுச்சு, பாரு” என்று தலையைக் குனிந்து காட்டியவர்.

ஐம்பதாவது வயதில் அவர் கையிலிருந்து டம்ளர் விழத் தொடங்கியது. ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தைந்து ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்தவன் நான். எதையும் எண்ணாமல் விடமாட்டேன். ஒரே மாதத்தில் ஒன்பது டம்ளர். பத்து நிமிடத்தில் பால் வாங்கி வந்தவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

நான்கு மருத்துவர்களிடம் காட்டினோம். நால்வரும் என்னைப் பார்த்தே பேசினார்கள். “இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு இந்த வயசுல மூளை மங்கிடும் சார். அப்படித்தான் இருக்கும். இவ்ளோ நாள் இருந்ததே பெருசு” என்றார் ஒருவர். தங்கை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது எங்கள் தெரு ஆட்டோக்காரர் கேட்டார்: “இன்னா நைனா, வண்டி பள்ளத்துல எறங்கசொல்லோ அக்கா பின்கழுத்தப் புட்ச்சிக்கினே கீது. அத்த உள்ள சொன்னியா?”

“டாக்டருக்குத் தெரியாததா? நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா” என்றேன்.

இரண்டு ஆண்டுகள் போயின. டவுன் சிண்ட்ரோம் உள்ள பெரியவர்களுக்கு வரும் நோய்களை ஆராயும் மாணவி ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஒப்புதல் படிவத்தை என்னிடம் நீட்டவில்லை. தங்கையின் அருகில் உட்கார்ந்து, படித்து விளக்கி, “உங்களுக்குச் சம்மதமா அக்கா?” என்றார். தங்கை தலையாட்டினார்.

“உடம்புல எங்கயாவது வலிக்குதா?”

தங்கை தூக்க முடியாத கையைத் தூக்கிப் பின்கழுத்தில் வைத்தார். “இங்க. ரொம்ப நாளா.”

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“யாரும் கேக்கல.”

கழுத்தெலும்பு விலகி நரம்புத் தண்டை அழுத்திக்கொண்டிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு வரக்கூடிய கோளாறுதானாம், பாடப்புத்தகத்திலேயே இருக்கிறதாம். முன்பே பார்த்திருந்தால் நடையைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார்கள். தாமதமாகச் செய்த அறுவை சிகிச்சையால் அது திரும்பவில்லை. எட்டு மாதம் படுக்கையில் இருந்து, நிமோனியா கண்டு காலமானார்.

துக்கத்துக்கு வந்த உங்களில் ஆறு பேர், “விடுதலைன்னு நெனச்சிக்கோ” என்று என் காதில் சொன்னீர்கள். யாருக்கு விடுதலை? அவர் அதைக் கேட்கவில்லை. டம்ளர்களைக் கேட்டார். கட்டில் அருகே நான் அடுக்க அடுக்க, தப்பு, தப்பு என்று கண்ணாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்.

எட்டு மாதமும் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்ட என் மனைவிக்கும், அந்த மாணவிக்கும், நான் வாயை அடைத்த ஆட்டோக்காரருக்கும் என் நன்றி. தங்கையின் மருத்துவக் குறிப்புகள் முழுவதையும், அவர் இருக்கும்போதே அவர் சம்மதத்தோடு, அந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டேன். மற்ற யாருக்கும் நன்றி சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நான்கு பேரைத் திட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன். கூட்டிப் பார்த்தால் ஐந்து வருகிறது. விழுந்த ஒன்பது டம்ளரையும் தேதி போட்டு என் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். எங்கே வலிக்கிறது என்று நான் கேட்டதாக அதில் ஒரு வரி இல்லை.